எல்லாத்தையும் நூறுல வைக்கிற மகராசங்களே!

சேலம் கமலாபுரத்துல கிளம்பி நேர் கிழக்க பார்த்து போனா புதுச்சேரிக்கு நூறு நாட்டிகல் மைல் சொச்சம். செஸ்னா 172-ல ஒரு மணி நேரம். வழியில கல்வராயன் மலை குறுக்க படுத்திருக்கும். அதைத் தாண்டினா கோமுகி அணை, அப்புறம் வலது பக்கம் எங்க ஊரு கள்ளக்குறிச்சி. வாரத்துக்கு மூணு தடவையாவது நான் போற ரூட்டு இது. உடனே பைலட்டான்னு கேக்காதீங்க. மாடி ரூம்ல, கச்சிராயபாளையம் ரோட்டு வெல்டிங் பட்டறையில அடிச்ச இரும்பு ஃபிரேம் மேல, காயலான் கடையில எடுத்த அம்பாசடர் சீட்டைப் போட்டு உக்காந்துக்கிட்டு போறதுதான். ஹி ஹி.

அந்த சீட்டுக்கு அடியில ரெண்டு ஷேக்கர் இருக்கு. இன்னிக்கு சண்டையே அதைப் பத்திதான்.

தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. ஸ்பீக்கர்ல காகிதக் கூம்பு ஆடும், காத்து அதிரும், சத்தம் வரும். ஷேக்கர்ல கூம்பு கிடையாது, உள்ள ஒரு கனமான காந்தம் ஆடும். அதை எதுல முடுக்கினோமோ அது அதிரும், சத்தம் வராது, உக்காந்திருக்கிற இடத்துல தெரியும். ஆம்ப் வெச்சு ஓட்டணும். (நம்மளது மைக் செட் கடையில ரிட்டயர் ஆன ஆம்ப்.) அதுக்கு என்ன அனுப்பணும்னு முடிவு பண்றது சிம்ஹப், சிம்ஷேக்கர் மாதிரி மென்பொருள். என்ஜின் எத்தனை ஆர்பிஎம், சக்கரம் தரையில இருக்கா, ஃபிளாப்ஸ் நகருதா, ஸ்டால் ஆகப்போகுதான்னு ஃப்ளைட் சிமுலேட்டர் கிட்ட கேட்டு வாங்கி, ஒவ்வொண்ணுக்கும் தனி அதிர்வு செஞ்சு அனுப்பும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கெயின், ஒரு ஃபிரீக்வென்ஸி. நாமதான் திருகி வைக்கணும்.

அங்கதான் நம்ம ஆளுங்க கூத்து ஆரம்பிக்குது. எல்லாத்தையும் நூறுல வைக்கிறாங்க. என்ஜின் நூறு, ஓடுபாதை நூறு, ஃபிளாப்ஸ் நூறு, காத்து நூறு. "மச்சி செம்ம ஃபீலு, வீடே ஆடுது!" ஆடுதுய்யா. விமானம் அப்படி ஆடினா அடுத்த நிமிஷம் இறக்கிடுவாங்க.

போன மாசம் டொராண்டோவுல இருக்கிற நண்பர் ஒருத்தர் தன்னோட ப்ரொஃபைலை அனுப்பினார். பாசக்கார மனுஷன், அவரை வையல. போட்டுப் பார்த்தேன். ஏ320-ல 35,000 அடியில நிம்மதியா போயிட்டிருக்கேன், சீட்டு என்னடான்னா வெள்ளிமலை பஸ்ஸோட கடைசி சீட்டு மாதிரி உதறுது. வேகம் குறைஞ்சா ஸ்டிக் ஷேக்கர் வேற கடகடன்னு அடிக்குது. ஐயா, ஏ320-ல ஸ்டிக் ஷேக்கரே கிடையாதுங்க! அது போயிங் 737-ல உண்டு, சேலத்துக்கு 2023 அக்டோபர்ல இருந்து மறுபடி வர ஆரம்பிச்ச ஏடிஆர்-ல உண்டு. ஏர்பஸ்ல குரல்தான் எச்சரிக்கும். இல்லாத சாமானுக்கு நூறு பர்சன்ட் கெயின்!

கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்படாதீங்க. செஸ்னா 172-ல நாலு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். 2,400 ஆர்பிஎம்-னா விநாடிக்கு 40 சுத்து. சுத்துக்கு ரெண்டு வெடிப்பு, ஆக 80 ஹெர்ட்ஸ். முன்னாடி ரெண்டு பிளேடு விசிறி, அதுவும் 80. ஆக, பறக்கும்போது என்ஜின் அதிர்வுன்னா 40-ம் 80-ம்தான் முக்கியம், அதுவும் மெல்லிசா. இந்த ப்ரொஃபைல்ல என்ஜினுக்கு 25 ஹெர்ட்ஸ். அது வண்டி ஐட்லிங்ல, 750 ஆர்பிஎம்-ல நிக்கும்போது வர்ற வெடிப்பு! ஏடிஆர் கதை இன்னும் மோசம். ஆறு பிளேடு, முழு வேகத்துல 1,200 சுத்து, ஆக 120 ஹெர்ட்ஸ். நாம மாட்டியிருக்கிற சின்ன ஷேக்கருக்கு 80 தாண்டினாலே மூச்சு வாங்கும். அதால அந்த விசிறியைக் காட்டவே முடியாது. முடியாதுன்னா விட்டுட வேண்டியதுதானே? இல்ல, 30 ஹெர்ட்ஸ்ல போட்டு நூறுக்கு ஏத்தி "ஏடிஆர் ரியலிஸ்டிக்"னு பேரும் வெச்சாச்சு.

இது ரசனைப் பிரச்சனை, உனக்கென்னன்னு கேப்பீங்க. ரசனையோட நின்னா நானும் வாயை மூடிக்கிட்டு இருப்பேன்.

சிக்னலுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு. என்ஜின் ஒண்ணே வரம்பைத் தொட்டுட்டா, அது மேல ஸ்டால் நடுக்கம் வந்து சேரும்போது இடம் கிடையாது. வெட்டுப்பட்டுப் போகும். நிரம்பின குடத்துல தண்ணி ஊத்தினா குடம் கூடுதலா நிரம்புமா? ரெண்டாவது, ரெண்டும் பக்கத்துப் பக்கத்து ஃபிரீக்வென்ஸியா இருந்தா பெருசு சின்னதை முழுங்கிடும். மூணாவது, தோலே மறந்துடும். ஒரே அதிர்வை விடாம குடுத்தா கொஞ்ச நேரத்துல அது இல்லாத மாதிரி ஆகிடும். மூக்குத்தி போட்டவங்களுக்கு மூக்குத்தி இருக்கிற நெனப்பு வருதா? ஆக நூறுல வெச்சவனுக்கு அதிகமா தெரியும்னு நெனைக்கிறோம், உண்மையில அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. எல்லாரும் கத்துற சந்தையில உங்க பேரை ஒருத்தர் கூப்பிட்டா காதுல விழுமா?

இதை நான் புஸ்தகத்துல படிச்சு சொல்லல. என் அக்கா பையன் சொல்லித்தான் எனக்கே உறைச்சுது.

பையனுக்கு பைலட் ஆகணும்னு வெறி. பன்னெண்டாவது முடிச்சுட்டு ஆறு மாசம் என் மாடி ரூம்லயே குடியிருந்தான். அப்ப நானும் நூறு கட்சிதான், ஒத்துக்கறேன். ஆடி மாசம் லைவ் வெதரைப் போட்டுட்டு சேலத்துல இருந்து கிளம்புவான். மேக்காத்து மலையில மோதி ஏறி, கச்சிராயபாளையம் பக்கம் இறங்கும்போது விமானத்தைப் புரட்டி எடுக்கும். பெரிய கல்வராயன் 4,000 அடி வரைக்கும் போகும், கொஞ்சம் தாழ்வா வந்தா இன்னும் மோசம். சீட்டு கதறும். கீழ அக்கா சமையக்கட்டுல டம்ளர் உருளும். "மாமா, இதான் மாமா ஃப்ளையிங்கு!"ன்னு பல்லைக் காட்டுவான். எனக்கும் பெருமை தாங்கல.

அப்புறம் வெளி மாநிலத்துல பயிற்சியில சேர்ந்தான். அதே 172. ஸ்டால் பாடம் எடுத்த அன்னிக்கு ராத்திரி போன் பண்ணினான். குரலே சரியில்ல. பயிற்சியாளர் வேகத்தைக் குறைச்சு, மூக்கைத் தூக்கி, ஸ்டால் வரைக்கும் கொண்டு போயிருக்கார். ஹாரன் கேட்டுது, இவன் சொல்லிட்டான். இறங்கினப்புறம் அவர் கேட்டிருக்கார், "நடுக்கம் எப்ப ஆரம்பிச்சுது?" இவனுக்கு பதில் இல்ல. நடுங்கினதே தெரியல. மறுநாளும் அதே கதை. மூணாவது நாள் அவரே கேட்டுட்டாராம், "வீட்டுல சிமுலேட்டர் வெச்சிருக்கியா?"

172-ல அந்த நடுக்கம் ரொம்ப மெல்லிசு. இறக்கை மேல ஒழுங்கா ஓடிக்கிட்டிருந்த காத்து பிய்ஞ்சு சுழல ஆரம்பிக்கும், அது வாலுல பட்டு உடம்பு பூரா ஒரு சின்ன உதறல் வரும். இதுக்கு மேல தாங்காதுன்னு விமானம் முதுகுல தட்டிச் சொல்ற சமாச்சாரம் அது. ஆறு மாசம் உதறல்லயே உக்காந்து பழகின பையனுக்கு உதறல்னா சாதாரணம்னு ஆகிப்போச்சு. முக்கியமான ஒரே ஒரு அதிர்வைக் கண்டுக்காம இருக்க நான் அவனுக்கு வகுப்பு எடுத்திருக்கேன். அதுவும் இலவசமா.

இதுக்கு ஏன்யா இப்படிப் பதறுறேன்னா, 2009 ஜூன் 1-ல அட்லாண்டிக்ல விழுந்த ஏர் ஃபிரான்ஸ் 447 ஞாபகம் வருது. ஏ330, 228 பேர். ஸ்டால் எச்சரிக்கை தொடர்ச்சியா 54 விநாடி ஒலிச்சுது, விமானமும் அதிர்ந்துது. அப்படியும் ஸ்டால்ல இருக்கோம்னு விமானிகளுக்குப் பிடிபடவே இல்லன்னு 2012-ல வந்த விசாரணை அறிக்கை சொல்லுது. அவங்க முறையா பயிற்சி எடுத்தவங்க, அந்தக் கதையில உறைஞ்சு போன வேக உணரில இருந்து ஏகப்பட்ட சிக்கல் இருக்கு. சீட்டு ஷேக்கருக்கும் அதுக்கும் முடிச்சு போடல. ஆனா விமானம் உடம்பால சொல்றது மனுஷனுக்கு சுலபமா எட்டாதுன்னு மட்டும் தெரியுது. எட்டாத ஒண்ணை இன்னும் தூரமா தள்ளி வைக்கிறோமே, அதான் ஆத்திரம்.

நம்ம ஊர்ல இதைச் சரியா செய்யறவங்க யாருன்னு கேட்டா வெள்ளிமலைக்கு பஸ் ஓட்டுற டிரைவருங்களைத்தான் சொல்வேன். ஒரு தடவை முன் சீட்டுல உக்காந்து போனேன். கொண்டை ஊசி வளைவுல ஏறிக்கிட்டே அண்ணன் திடீர்னு ஓரங்கட்டினார். "பின்னாடி இடது பக்கம் டயர் சொல்லுது"ன்னார். இறங்கிப் பார்த்தா காத்து குறைஞ்சிருக்கு. அந்த பஸ்ஸுல ஜன்னல், கம்பி, என் பல்லு எல்லாம் ஆடிக்கிட்டுதான் இருந்துது. அதுக்கு நடுவுல ஒரு புது ஆட்டம் அவருக்குத் தெரிஞ்சுது, ஏன்னா மத்ததெல்லாம் தினம் எவ்வளவு ஆடும்னு அவர் உடம்புக்கு அளவு தெரியும். அந்த அளவைத்தான் நாம நூறுல வெச்சு அழிக்கிறோம்.

சரி, திட்டியாச்சு. நான் இப்ப என்ன பண்றேன்னு சொல்லிடறேன். முதல்ல எல்லா எஃபெக்ட்டையும் அணைச்சுட்டு, 15 ஹெர்ட்ஸ்ல இருந்து 80 வரைக்கும் ஒரே ஒரு டோனை மெதுவா ஏத்தினேன். 38 வந்ததும் ஃபிரேம் கோயில் மணி மாதிரி ரீங்காரம் போட்டுது. அது என் இரும்போட பலவீனம். டொராண்டோ நண்பருக்கு பிளைவுட் ஃபிரேம், அடியில கார்ப்பெட். அவருக்கு இந்த இடம் வேற எங்கயோ இருக்கும். அதனாலதான் அவர் ப்ரொஃபைல் அவருக்கு அமிர்தம், எனக்கு அவஸ்தை. அடுத்தவன் செருப்பை வாங்கிப் போட்டுட்டு கால் கடிக்குதுன்னு அழுதா எப்படி? அந்த 38-ஐ ஈக்வலைசர்ல அமுக்கினேன், ஃபிரேம் காலுக்கு அடியில ரப்பர் வெச்சேன்.

அப்புறம் முதல்ல ஸ்டால் நடுக்கத்தை வெச்சேன். 12-ல இருந்து 18 ஹெர்ட்ஸ், ஒழுங்கில்லாம விட்டு விட்டு. அதுக்குத்தான் பெரிய பங்கு. ஆனா 172-க்கு அதையும் மெல்லிசா, 737-க்கு தனியா. அப்புறம் தரை, சக்கரம் பூட்டிக்கிற அந்த ஒரே 'தொம்', ஃபிளாப்ஸ். என்ஜினைக் கடைசியா கொண்டு வந்து, "இருக்கா இல்லையா"ன்னு சந்தேகம் வர்ற இடத்துல நிறுத்தினேன். எல்லாம் ஒண்ணா அடிச்சாலும் ஆம்ப்ல சிவப்பு லைட்டு எரியக்கூடாது, அவ்ளோதான். நம்பர் கேக்காதீங்க, தரமாட்டேன். தந்தா அதையும் காப்பி பண்ணி ஏத்துவீங்க.

"வெறும் வெளாட்டுய்யா, சும்மா ஜாலிக்கு"ன்னு பின்னூட்டம் வரும்னு தெரியும். வெளாடுங்க. ஆனா ப்ரொஃபைலுக்கு "ரியலிஸ்டிக்"னு பேர் வெச்சு, பைலட் ஆகப்போற பசங்களுக்கும் அனுப்பி வைக்கிறீங்களே, அந்தப் பேரை மட்டும் எடுத்துடுங்க. "திருவிழா ராட்டினம்"னு வைங்க, நானே டவுன்லோட் பண்றேன்.

பையன் தீபாவளிக்கு வந்திருந்தான். நேரா மாடிக்குப் போய் சீட்டுல உக்காந்தான். அதே சேலம், அதே மலை. பத்து நிமிஷம் கழிச்சு, "மாமா, ஷேக்கர் கெட்டுப்போச்சா, ஒண்ணுமே தெரியல"ன்னான். பேசாம ஓட்டுடான்னேன். கோமுகி அணை மேல 5,000 அடியில வேகத்தைக் குறைச்சு மூக்கைத் தூக்கச் சொன்னேன், ஹாரன் சத்தத்தை அணைச்சு வெச்சிருந்தேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் கை தானா முன்னாடி போச்சு.

"வந்துடுச்சு மாமா"ன்னான்.

பி.கு: அக்கா கேட்டுக்கிட்டதுக்கு இணங்க: டம்ளர் இப்ப உருள்றதில்ல.