மறுமொழி தாராத யந்திரம்

பழந்தமிழ் நூல்களை ஸ்கேனர் வழியாகக் கணினியில் ஏற்றிக் காக்கும் பணி இந்நாளில் பல இடங்களில் நடைபெறுகின்றது. அப்பணியாளர்க்கு நேரும் இடர்களுள் ஒன்று, ஸ்கேனரின் டிரைவர் பாதியில் அசைவற்று நின்றுவிடுதல். அங்ஙனம் நின்றவிடத்துக் கணினியை அணைத்து மீண்டும் இயக்குவதே பலர்க்கும் வழக்கம். அவ்வழக்கம் போதாது என்பது எமது கருத்து. நொறுங்கும் நிலையிலுள்ள தாள் இருமுறை அழுத்தப்படுதலைப் பொறாது. ஆதலின் காரணம் காணாது மீண்டும் மீண்டும் முயல்வது நூலுக்கே தீங்காம்.

டிரைவர் என்பது கணினிக்கும் ஸ்கேனருக்கும் இடைநின்று பேசும் தூதுவனை ஒக்கும். அது யூ.எஸ்.பி. கம்பி வழியே கட்டளையொன்றை அனுப்பி, மறுமொழிக்குக் காத்திருக்கும். ஏ4 அளவுள்ள வண்ணப் பக்கமொன்றை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் சுருக்காது படியெடுப்பின், ஏறக்குறைய 2 கோடியே 60 லட்சம் பைட்டுகள் வருதல் வேண்டும். அவற்றுட் சில வாராதொழியினும், தொகை நிரம்பும்வரை காத்தே நிற்கும் டிரைவர்களும் உள. லிப்யூஎஸ்பி என்னும் நிரல்தொகுப்பில் காத்திருக்கும் கால எல்லையை 0 எனக் குறித்தால், எல்லையின்றிக் காத்திரு என்பதே பொருள். ஆகவே, செத்ததுபோல் தோன்றும் டிரைவர் பெரும்பாலும் வாராத விடைக்கு ஏங்கி நிற்பதேயாம்.

இனிச் செய்யத்தக்கது யாது? முதலாவது, கணினி அக்கருவியைக் காண்கின்றதா என நோக்குக. இரண்டாவது, இடையிலுள்ள ஹப்பை நீக்கி, வேறொரு கம்பியால் நேரே கணினியோடு இணைத்துப் பார்க்க. மூன்றாவது, வேறொரு மென்பொருள் கருவியைப் பற்றிக்கொண்டுள்ளதா என்றும், மின்சிக்கனத்தின் பொருட்டுக் கணினி அவ்விணைப்பை உறங்கவைக்கின்றதா என்றும் ஆராய்க. ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுதல் வேண்டும்; பலவற்றை ஒருங்கே மாற்றின், குணம் எதனால் வந்ததென அறியவொண்ணாது. இவையாவும் பயன்படாவிடின், பிழைக்குறிப்பைப் படித்தல் வேண்டும். லினக்ஸில் வழங்கும் ஸேன் என்னும் தொகுதியில் அக்குறிப்பின் விரிவை வேண்டுமளவு உயர்த்திக்கொள்ளலாம். உரையாடல் எவ்விடத்து அறுந்தது என்பதற்கு அதன் இறுதி வரிகளே சான்று.

இது நிரல் எழுதுவோர் கடமையன்றோ, இலக்கியம் பயில்வார்க்கு இதனால் என்னை எனச் சிலர் வினவலாம். காத்திருப்பிற்கு எல்லை வகுத்தலும், நின்ற காரணத்தைத் தெளியக் கூறுதலும் நிரலாசிரியர் கடமையே. அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் நம் அறையிலுள்ள யந்திரத்தை அவர் காணார். நாம் குறித்தனுப்பும் வரிகளே அவர்க்குக் கண்.

ஏடு சிதைந்த இடத்தைப் பொறுமையோடு குறித்துவைத்த பதிப்பாசிரியர் பலரைப் பெற்றது நம் மொழி. அவர் வழிவந்த நாம், யந்திரத்தின் பேச்சறுந்த இடத்தையும் அவ்வாறே குறித்துவைப்போமாக.