கரையானுக்கு மருந்து ஊத்துற நேரம் கடக்கால் தோண்டுற நேரம்தான்

எங்க பக்கம் இப்ப வீடு கட்டாத தெருவே இல்லை. கம்பி என்ன விலை, எம்.சாண்ட் யூனிட் என்ன விலை, டைல்ஸ் எங்க வாங்கினன்னு ஆளாளுக்கு விசாரிக்கிறாங்க. கரையானுக்கு என்ன பண்ணினன்னு ஒருத்தரும் கேட்கிறதில்லை. நாமளா எடுத்துச் சொன்னா, "இது என்ன கூரை வீடா மாமா, கான்கிரீட் வீட்டுக்குக் கரையான் எங்க வரும்?"னு சிரிக்கிறாங்க. அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இந்தப் பதிவு.

கான்கிரீட்டை அது திங்காது, வாஸ்தவம்தான். அதுக்குக் கான்கிரீட் ஒரு பாதை, அவ்வளவுதான். தரைக்கும் செவுத்துக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் வெடிப்பு இருந்தா உள்ள வந்துடும். கரண்டு பைப்பு வழியா, கக்கூஸ் பைப்பு ஓரமா ஏறும். பாதி வீட்டுல நிலைக்காலை மண்ணுக்குள்ள இறக்கி வச்சுச் சுத்திலும் சிமெண்டு பூசிடுறாங்க. அது நாமளே ஏணி போட்டுக் கூப்பிடுற மாதிரி.

எங்க பங்காளி வீடு கட்டி எட்டு வருசம்தான் ஆகுது. செவுத்துல பதிச்ச மர செல்ஃபுல, துணிக்கு அடியில காகிதமெல்லாம் வச்சிருந்தாங்க. பொண்ணுக்குக் கல்விக்கடன் வாங்க பத்திரம் எடுக்கப் போனா, மேல இருந்த உறை மட்டும் முழுசா இருக்கு. உள்ள கிரயப் பத்திரம், அந்தப் பொண்ணோட பிளஸ் டூ மார்க் சீட்டு, எல்லாம் மண்ணு. சார்பதிவாளர் ஆபீசுல நகல் வாங்கலாம்தான். ஆனா நகலை வச்சு பாங்குல கடன் கேட்டுப் பாருங்க, தெரியும். அந்தப் பொண்ணு அழுததைப் பாத்துட்டு வந்த அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கல.

அந்த மனை முன்னாடி முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30-ல தானே புயல் அடிச்சதுல பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாஞ்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மரத்தை அறுத்து வித்தாங்க, வேரை யாரும் தோண்டல. மேல மண்ணடிச்சு மட்டம் பண்ணி மனையாக்கிட்டாங்க. மண்ணுக்குள்ள மக்கிப்போன முந்திரி வேர்னா கரையானுக்குக் கல்யாண விருந்து. அது தீர்ந்தா அடுத்த தீனி எங்க? மேல இருக்கிற வீடுதான். இந்த மாதிரி மனையில கட்டுறவங்க முதல்ல ஜேசிபி வச்சு வேரையும் அடிக்கட்டையையும் எடுத்துடுங்க. அப்படியே சென்ட்ரிங் பலகைத் துண்டு, சிமெண்டு மூட்டைக் காகிதம் இதையெல்லாம் பேஸ்மட்டத்துக்குள்ள தள்ளி மூட விடாதீங்க. கொத்தனாருக்கு அது குப்பை, நமக்கு அது பின்னால வர்ற வினை.

பங்காளி வீட்டுக்கு மருந்து அடிக்க ஒரு ஆள் வந்தாரு. முதுகுல பதினாறு லிட்டர் டேங்கு, அரை மணி நேரம் செவுத்தோரம் விசிறினாரு, நாலாயிரம் வாங்கினாரு, "அஞ்சு வருசம் கியாரண்டி"ன்னு சொல்லிட்டுப் போனாரு. நானும் முப்பது வருசமா வயலுக்கு மருந்து அடிக்கிறவன். கணக்கு எனக்குத் தெரியும். ஐ.எஸ். 6313-னு இதுக்குன்னே அரசாங்கத் தரவிதி இருக்கு. தரை போடுறதுக்கு முன்ன நிரப்புன மண்ணு மேல சதுர மீட்டருக்கு 5 லிட்டர் மருந்துத் தண்ணி ஊத்தணும்னு அதுல இருக்கு. கலைஞர் கனவு இல்லம் அளவுக்கு 360 சதுர அடி வீடுன்னு வச்சுக்குங்க. சுமாரா 33 சதுர மீட்டர். அப்ப தரைக்கு மட்டும் 165 லிட்டர். குளோர்பைரிபாஸ் 20 சதவீதம்னா ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணி, ஆக மருந்தே எட்டு லிட்டருக்கு மேல வேணும். கடக்கால் ஓரத்துக்கு அது தனி. பதினாறு லிட்டரை விசிறிட்டுப் போறது பன்னீர் தெளிக்கிற வேலை.

கட்டி முடிச்ச வீட்டுக்கும் வழி இருக்கு. தரையும் செவுரும் சேர்ற இடத்துல அடிக்கு ஒரு ஓட்டை, 12 மில்லிமீட்டர் அளவு, மண்ணு வரைக்கும் துளைச்சு, ஓட்டைக்கு ஒரு லிட்டர் வரைக்கும் ஊத்தி அடைக்கணும். டைல்ஸ் போட்ட வீட்டுல எவன் துளைக்க விடுவான்? அதனாலதான் கடக்கால் தோண்டும்போதே பண்ணுங்கன்னு கத்துறேன். அன்னிக்கு ரெண்டு ஆள் கூலியோட முடியுற வேலை.

செவுத்துல ஏறுற மண்கோட்டைத் தொடப்பத்தால தட்டிட்டு வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. நாம பாக்குறது கூலிக்காரக் கரையான். கண்ணு தெரியாது, வெயில் பட்டா காஞ்சு செத்துடும், அதான் மண்ணுல குழாய் கட்டி வருது. ராணி எங்கயோ மண்ணுக்கடியில முட்டை போட்டுக்கிட்டே இருக்கும். (புத்துக் கரையான் உள்ள காளான் பயிர் வச்சுத் திங்குது தெரியுமா? மழைக்கு நாம பறிக்கிற புத்துக்காளான் அதோட வெள்ளாமைதான். அந்த வகையில அதுவும் நம்ம சாதிதான், விவசாயி.)

கிணறு ஓரமா இருக்கிற வீட்டுக்காரங்களுக்கு நான் சொல்றது வேற. குடிக்கிற கிணத்துக்கிட்ட மருந்தே ஊத்தாதீங்க. குளோர்பைரிபாஸ் தண்ணியில கலந்தா மீன் மிதக்கும், அதைத்தான் நம்ம புள்ளைங்களும் குடிக்கணும். ஒரு காலத்துல ஆல்ட்ரின், பி.எச்.சி. பவுடர்னு கை நெறைய தூவினோம். மண்ணை விட்டுப் போகாத விஷம்னு அதையெல்லாம் தடை பண்ணியாச்சு. இன்னும் சில பேர் "அந்தப் பவுடர் மாதிரி வராது"ன்னு தேடுறாங்க. எங்க தாத்தா வீட்டுல மருந்து ஏது? வாசக்கல்லு மேல நிலை, கருங்கல்லு மேல தூண், கைமரத்துக்கு வைரம் பாஞ்ச பனை, அதுக்கு மேல முந்திரிக்கொட்டை எண்ணெய். கை பட்டா வெந்து போற எண்ணெய் அது, கரையான் கிட்ட வராது. ஆனா பழைய முறையே போதும்னும் நான் சொல்லல. அன்னிக்கு வீட்டுக்குள்ள குழாயும் கிடையாது, ஈரமும் கிடையாது. இன்னிக்கு ஒழுகுற பைப்பு ஒண்ணு போதும், வருசம் பூரா அதுக்குத் தண்ணிப் பந்தல்.

அதனால மருந்துக்கு ஓடுறதுக்கு முன்ன செவுத்தைச் சுத்திப் பாருங்க. விறகும் வைக்கோலும் செவுத்துல சாஞ்சிருந்தா தள்ளி அடுக்குங்க. செடிக்கு மண்ணு அணைக்கிறேன்னு பேஸ்மட்டத்துக்கு மேல ஏத்தி வைக்காதீங்க. கல்லு தெரியணும், அப்பதான் குழாய் ஏறுறது கண்ணுல படும். நிலையை விரலால தட்டுங்க, டொக்குன்னு வெத்துச் சத்தம் வந்தா உள்ள ஒண்ணும் இல்லை.

முதல் மழைக்கு ஈசல் கிளம்பும். வெளிய இருந்து விளக்குக்கு வந்தா பரவாயில்ல, பொரியோட வறுத்துத் திங்கலாம். வீட்டுக்குள்ள செவுத்துல இருந்தே கிளம்பி, ஜன்னல் ஓரம் றெக்கை குவிஞ்சு கிடந்தா அன்னிக்கே ஆளைக் கூப்பிடுங்க. பத்திரமும் மார்க் சீட்டும் அதுவரைக்கும் மர செல்ஃபுல இருக்க வேணாம். மூடி போட்ட தகரப்பெட்டியில போட்டு, செவுத்தை ஒட்டாம ரெண்டு செங்கல்லு மேல வைங்க.