பெருக்கல் குறி என்றால் சம்மதமா?

ஜன்னலை மூட மூலையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்து என்று விண்டோஸ் 95 காலத்திலிருந்தே பழக்கியது மைக்ரோசாஃப்ட். 2016 மே மாதமோ, விண்டோஸ் 10க்கு மாற நாள் குறித்து வந்த அறிவிப்பை அப்படி மூடினால் 'சம்மதம்' என்று கணக்கு! 2008ல் ஆப்பிளும் லேசுப்பட்டதில்லை. அப்டேட் என்ற பெயரில், கேட்காத சஃபாரி பிரவுசரை டிக் அடித்தே நீட்டியது.

"வேண்டாமென்றால் டிக்கை எடுக்கலாமே" என்பார்கள். மளிகைக்கடைக்காரர் கேட்காத சோப்பைப் பையில் போட்டுவிட்டு இப்படிச் சொன்னால் யாராவது சும்மா விடுவார்களா?

ஏமாந்தவர் அடுத்து அப்டேட்டையே நிறுத்திவிடுவார். அங்கேதான் ஆபத்து. 2017 மே மாதம் வானாக்ரை புகுந்தது பேட்ச் போடாத கணினிகளில்தான். பேட்ச் மார்ச்சிலேயே வந்திருந்தது. ஓட்டையை அடைக்கத்தான் அப்டேட். அதில் சரக்கு விற்காதீர்கள் சாமிகளா!