முதல் மார்க் வாங்குறவனுக்கே டியூஷன்

2018இல் மத்திய அரசு ஐஐடி மும்பை, ஐஐடி தில்லி, பெங்களூர் ஐஐஎஸ்சி மூன்றுக்கும் உயர்சிறப்பு அந்தஸ்து தந்தது. ஐந்தாண்டுகளில் தலா 1,000 கோடி வரை. உலகத் தரத்துக்கு உயர்த்தவாம். அரசு நிறுவனங்கள் விண்ணப்பிக்கவே தேசியத் தரவரிசையில் முதல் 50க்குள்ளோ, உலகத் தரவரிசையில் முதல் 500க்குள்ளோ இருக்கணும். முதல் மார்க் வாங்குறவனுக்கே டியூஷன் வச்ச கதை.

நான் படித்த பொறியியல் கல்லூரியில் லேப் பூட்டு ஆய்வுக்குழு வரும் நாளில்தான் திறக்கும். இன்று நிரல் எழுதிப் பிழைக்கிறேன். எந்த சர்வர் திணறுதோ அதுக்குத்தான் கூடுதல் மெமரி போடுவோம். நல்லா ஓடுறதுக்கு இல்லை.

உச்சியில் இருப்பவர்களுக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குத் தர மேம்பாடு என்று பெயர் வைக்காதீர்கள். பெரும்பாலான பிள்ளைகள் படிப்பது அந்தப் பூட்டுக்கு இந்தப் பக்கம்தான்.