குடித்தவனுக்குச் சலுகை, குடித்தவளுக்குப் பழி

2020 பிப்ரவரி 6 அன்று தில்லி கார்கி மகளிர் கல்லூரியின் ஆண்டு விழாவுக்குள் ஆண்கள் கூட்டமாக அத்துமீறி நுழைந்தனர். அவர்களில் பலர் குடித்திருந்ததாக மாணவியர் கூறினர். மாணவியரைச் சூழ்ந்து நின்று உடலைச் சீண்டினர். ஆபாசச் செய்கைகளில் ஈடுபட்டனர். நான்கு நாட்கள் கழித்து, மாணவியர் போராட்டத்தில் இறங்கிய பிறகே வழக்குப் பதிவாயிற்று.

தில்லியில் 25 வயது நிரம்பாதோருக்கு மது விற்கத் தடை உண்டு. அந்தத் தடை அன்று எந்த மாணவியையும் காக்கவில்லை.

மாணவரிடையே மதுவும் பாலியல் அத்துமீறலும் பற்றிப் பேச்சு எழுந்தால், குடியே அனைத்துக்கும் மூலம் என்று நம் தோழர்களிலும் சிலர் முடித்துவிடுகின்றனர். டாஸ்மாக் கடைகளுக்கு எதிராகப் பெண்களோடு நின்று போராடிய அனுபவம் அவ்வாறு பேசவைக்கிறது. மது நிதானத்தைக் குலைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், காவலரைக் கண்டதும் பணிந்து ஒதுங்கும் அதே குடிகாரன், மாணவியைக் கண்டால் மட்டும் ஏன் தன்னை மறக்கிறான்? அந்தத் துணிவை அவனுக்குத் தந்தது ஆணாதிக்கச் சமூகமே.

நீதிமன்றங்களும் இதில் தடுமாறியுள்ளன. தில்லியை அடுத்த சோனிபட்டில், தனியார் பல்கலைக்கழக மாணவர் மூவர் சக மாணவியை வன்புணர்ந்த வழக்கில் தண்டனை பெற்றனர். 2017 செப்டம்பரில் பஞ்சாப்-ஹரியானா உயர்நீதிமன்றம், இளைஞரின் மது, போதை, பாலுறவு குறித்து நீண்ட உபதேசம் செய்து, அத்தண்டனையை நிறுத்திவைத்தது. பாதிக்கப்பட்டவளின் பழக்கவழக்கங்களே அங்கு விசாரணைக்கு உள்ளாயின. அந்த ஆணைக்கு நவம்பரில் உச்சநீதிமன்றம் தடை விதித்தது.

சட்டத்தில் குழப்பமில்லை. போதையால் தன் சம்மதத்தின் தன்மையையும் விளைவையும் உணர இயலாத பெண் அளிக்கும் இசைவு, சம்மதம் ஆகாது. பழைய தண்டனைச் சட்டத்தின் 375ஆவது பிரிவும் இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆவது பிரிவும் இதையே கூறுகின்றன. தானாகக் குடித்தவனுக்குப் போதையின் பெயரால் விலக்கும் இல்லை. வயது வந்த இருவர் மனமொப்பிப் பழகுவதோ விடுதிக் காப்பாளரின் விசாரணைக்கு உரியதன்று, நமக்கும் உரியதன்று.

விடுதிக் கதவை முன்னிரவிலேயே பூட்டுவதுதான் நிர்வாகங்கள் அறிந்த மருந்து. அதை எதிர்த்தே 2015இல் தில்லி மாணவியர் 'பிஞ்ச்ரா தோட்' இயக்கத்தைத் தொடங்கினர். ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வேறொரு வழி இருந்தது. மாணவரும் ஆசிரியரும் ஊழியரும் தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்த 'ஜிஎஸ்கேஷ்' குழு, புகார்களை விசாரித்ததோடு பாலினச் சமத்துவம் குறித்த விழிப்புணர்வையும் வளர்த்தது. 2017இல் நிர்வாகம் அதைக் கலைத்தது. அத்தகைய குழுவைக் கல்லூரிதோறும் கோருவது நம் மாணவத் தோழர்களின் உடனடிப் பணி. புகார் தர வரும் மாணவியிடம் 'நீ குடித்திருந்தாயா' என்பதை முதல் கேள்வியாகக் கேட்காத குழுவாக அது இருக்க வேண்டும்.