நோயல் கார்டனை அனுப்பியது யாருக்கு லாபம்?

1981 ஜூன் மாதம் இங்கிலாந்தில் ஒரு பெண்மணியின் வேலை போனது. போனவருக்கு வயது 61. பதினேழு வருடமாக ஒரே வேலை. மறுநாள் பத்திரிகைகளில் முதல் பக்கச் செய்தி. ஒரு சீரியல் நடிகையின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை என்பதற்கு இத்தனை களேபரமா என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

நடிகையின் பெயர் நோயல் கார்டன். செல்லமாக நாலி. தொடரின் பெயர் கிராஸ்ரோட்ஸ். பர்மிங்ஹாம் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு கற்பனை ஊர், அதில் ஒரு மோட்டல், அந்த மோட்டலின் முதலாளியம்மா மெக் ரிச்சர்ட்சன் என்ற விதவை. அந்த மெக்தான் நாலி. கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. மோட்டலுக்கு ஆள் வருவார்கள், போவார்கள், சமையலறையில் சண்டை நடக்கும், வரவேற்பறையில் கல்யாணம் முடிவாகும், நடுவில் மெக் வந்து எல்லாவற்றையும் சரி செய்வார். இதை ஒன்றரைக் கோடிப் பேர் பார்த்தார்கள், எழுபதுகளில்! சாயங்கால டீ வேளையில்!

நாலியை வெறும் சீரியல் நடிகை என்று நினைத்தால் தப்பு. 1919 கிறிஸ்துமஸ் அன்று லண்டனை ஒட்டிய ஈஸ்ட் ஹாமில் பிறந்தவர் (பெயரிலேயே கிறிஸ்துமஸ் இருக்கிறது). ராடா நாடகப் பள்ளியில் படித்தவர். டிவியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஜான் லோகி பேர்ட் கலர் டிவியைச் சோதித்துப் பார்த்தபோது அந்தக் காமிராவின் முன் உட்கார்ந்தவர்களில் ஒருவர். 1949இல் லண்டன் மேடையில் பிரிகடூன் என்ற இசை நாடகத்தில் நடித்தார். அதில் அவர் பாத்திரத்தின் பெயரும் மெக்! அப்புறம் அமெரிக்கா போய் டிவி வேலையைக் கற்றுக்கொண்டு வந்தார். ஏடிவி என்ற கம்பெனி ஆரம்பித்தபோது காமிராவுக்குப் பின்னால் நிர்வாகப் பொறுப்பில் சேர்ந்தார். லஞ்ச் பாக்ஸ் என்ற மதிய நேர நேரலை நிகழ்ச்சியை 1956 முதல் எட்டு வருடம் நடத்தினார். பிரிட்டனில் பிரதமரை டிவியில் பேட்டி கண்ட முதல் பெண் அவர்தான் என்று சொல்வார்கள். பிரதமர் ஹெரால்ட் மேக்மில்லன்.

ஆக, 1964 நவம்பர் 2ஆம் தேதி கிராஸ்ரோட்ஸ் ஆரம்பித்தபோது அந்த செட்டில் இருந்தவர்களிலேயே டிவி என்ற தொழிலை அடி முதல் நுனி வரை தெரிந்தவர்களில் ஒருவர் அவர். இது முக்கியம். பின்னால் வரும்.

முதலில் வாரத்துக்கு ஐந்து எபிசோட். நினைத்துப் பாருங்கள். எடிட்டிங் என்பது அன்றைக்குச் செலவு பிடித்த வேலை, அதனால் கிட்டத்தட்ட நேரலை மாதிரியே எடுப்பார்கள். யாராவது வசனத்தை மறந்தால் மறந்ததுதான். கதவைச் சாத்தினால் சுவர் ஆடும் என்று ஊரே கிண்டல் செய்தது. 1985இல் விக்டோரியா வுட் என்ற நகைச்சுவைக் கலைஞர் ஏகார்ன் ஆன்டிக்ஸ் என்று ஒரு கேலித் தொடரே எடுத்தார். கிண்டல் எல்லாம் சரி. ஆனால் மறந்த வசனத்தைச் சமாளித்துக் காட்சியை இழுத்துக்கொண்டு போய்க் கரை சேர்க்க யாராவது வேண்டும் இல்லையா? நேரலையில் ஊறிய ஒருவர் நடுவில் நின்றதால்தான் அந்த வண்டி ஓடியது.

விமர்சகர்களுக்குக் கிராஸ்ரோட்ஸ் என்றால் எட்டிக்காய். அவர்கள் கூடப் பரவாயில்லை. தனியார் டிவிக்களைக் கண்காணிக்கும் ஐபிஏ என்ற அமைப்புக்கே பிடிக்கவில்லை. அதன் தலைவியாக இருந்த பிளவுடன் சீமாட்டி, இந்தத் தொடர் வருத்தப்படும் அளவுக்குப் பிரபலமாக இருக்கிறது என்ற பொருளில் சொன்னது பெயர் பெற்ற வாக்கியம். என்ன ஒரு வருத்தம் பாருங்கள் :-) தரம் சரியில்லை என்று காரணம் காட்டி எபிசோட்களைக் குறைக்கச் சொன்னார்கள். ஐந்து நான்காகி, 1980இல் மூன்றானது. விற்கிற சரக்கின் உற்பத்தியை, அது விற்கிறது என்பதற்காகவே குறைக்கச் சொன்ன அதிசயம் வேறு எந்தத் தொழிலிலாவது உண்டா?

லண்டனில் 1968இல் தேம்ஸ் என்ற புதுக் கம்பெனி வந்ததும் கிராஸ்ரோட்ஸைத் தூக்கிவிட்டது. கடிதங்கள் குவிந்தன. கோபப்பட்டவர்களில் அன்றைய பிரதமர் ஹெரால்ட் வில்சனின் மனைவி மேரியும் ஒருவர் என்பார்கள். தேம்ஸ் பின்வாங்கியது. ஆனால் நின்ற இடத்திலிருந்து தொடர்ந்ததால் லண்டன்காரர்கள் மற்ற ஊர்களை விட மாதக்கணக்கில் பின்தங்கிய கதையைத்தான் 1975 வரை பார்த்தார்கள். பர்மிங்ஹாமில் அத்தை வீட்டுக்குப் போனால் அடுத்த ஆறு மாதக் கதையும் தெரிந்துவிடும்!

அதே 1975இல் மெக்குக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஹ்யூ மார்ட்டிமர் என்ற தொழிலதிபர். பர்மிங்ஹாம் நகர மையத்தில் நிஜமான தேவாலயத்துக்கு வெளியே படம் பிடித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தில் தெரு அடைத்துக்கொண்டது. மணமக்களின் காரை ஓட்டியவர் லாரி கிரேசன் என்ற பெரிய டிவி நட்சத்திரம், நாலியின் நெருங்கிய நண்பர். நாலி நிஜ வாழ்க்கையில் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அந்த ஒரு நாள் ஊர் முழுக்க நின்று வாழ்த்தியது மெக்கையா நாலியையா என்று கேட்டால் வாழ்த்தியவர்களுக்கே தெரிந்திருக்காது.

இங்கேதான் காமர்ஸ் படித்தவர்கள் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். குட்வில் என்று ஒன்று படிக்கிறோமே, பாலன்ஸ் ஷீட்டில் சொத்துப் பக்கத்தில் வரும், தொட்டுப் பார்க்க முடியாது, ஆனால் கடையை விற்கும்போது அதற்கும் சேர்த்துத்தான் விலை. ஒரு கடையின் குட்வில் எங்கே இருக்கிறது? பெயர்ப் பலகையிலா, இடத்திலா, கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முகத்திலா? மெக் என்ற பாத்திரத்தின் உரிமை ஏடிவியுடையது. மோட்டல் செட் ஏடிவியுடையது. டோனி ஹாட்ச் போட்ட டைட்டில் இசைக்கும் நாலிக்கும் சம்பந்தமில்லை. சட்டப்படி நாலிக்குச் சொந்தமாக இருந்தது அவ்வப்போது புதுப்பிக்கப்படும் ஒரு கான்ட்ராக்ட் மட்டுமே. ஆனால் டிவி டைம்ஸ் பத்திரிகையின் வாசகர்கள் எட்டு முறை விருது கொடுத்தது கான்ட்ராக்டுக்கு அல்ல.

1981இல் ஏடிவியின் நிகழ்ச்சி இயக்குநர் சார்லஸ் டென்டன். கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்படாது என்ற முடிவு அவருடையது. அப்போதைய சூழ்நிலையையும் சொல்லிவிட வேண்டும். ஐபிஏ புது லைசென்ஸ் கொடுக்கும்போது ஏடிவியை அப்படியே தொடர விடவில்லை. மாற்றி அமைக்கச் சொன்னது. 1982 ஜனவரி 1 முதல் ஏடிவி போய் சென்ட்ரல் என்ற கம்பெனி வருவதாக ஏற்பாடு. புதுப் பெயர், புது போர்டு, புது நிர்வாகம். அந்த நேரத்தில் பழைய கடையின் அடையாளமாக நிற்கிற முகத்தை மாற்றினால் எல்லாம் புதுசாகிவிடும் என்று ஒரு நிர்வாகிக்குத் தோன்றுவது இயற்கை.

நாலி செட்டில் லேசான ஆள் இல்லை என்பதும் உண்மை. வசனம் சரியில்லை என்றால் சரியில்லை என்று சொல்வார். ஒளி தப்பு என்றால் அதையும் சொல்வார். அடங்காப்பிடாரி என்று பெயர். ஆனால் முன்பே சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அந்தத் தொழில் அவருக்கு முழுதாகத் தெரியும். நிர்வாகத்தில் இருந்தவர். நிகழ்ச்சி நடத்தியவர். இதையே ஒரு ஆண் நடிகர் செய்திருந்தால் தொழில் பக்தி என்றிருப்பார்கள். பெண் செய்தால் தலைக்கனம். 61 வயதுப் பெண் செய்தால் கேட்கவே வேண்டாம்.

கடிதங்கள் வந்தன, கண்டனங்கள் வந்தன. முடிவு மாறவில்லை. 1981 நவம்பரில் மோட்டல் தீப்பற்றி எரிவதாகக் காட்டினார்கள். மெக் உள்ளே மாட்டிக்கொண்டாரா இல்லையா என்று சொல்லாமல் சில நாள் இழுத்தார்கள். நாடே அவர் செத்துவிட்டார் என்று நினைத்தது. அப்புறம் பார்த்தால், குயின் எலிசபெத் 2 கப்பலில் மகளிடம் விடை பெற்றுக்கொண்டு கிளம்புகிறார். கப்பல் நகர்கிறது, அவ்வளவுதான். கொல்லாமல் விட்டார்களே என்று சந்தோஷப்படலாம். கதவைத் திறந்து வைக்கிற அளவுக்கு நிர்வாகத்தில் யாருக்கோ புத்தி இருந்திருக்கிறது.

நியாயமாக எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்க வேண்டும். நாலி போன மறுநாளே கிராஸ்ரோட்ஸ் செத்துவிடவில்லை. 1988 ஏப்ரல் வரை, ஆறு வருடத்துக்கும் மேல் ஓடியது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அப்படியென்றால் ஒரு நடிகை இல்லாமலும் தொடர் ஓடும் என்று டென்டன் கணக்குப் போட்டது சரிதானே என்று ஒருவர் கேட்கலாம்.

சரியில்லை. அந்த ஆறு வருடத்தை அருகில் போய்ப் பாருங்கள். தயாரிப்பாளரை மாற்றினார்கள். கேப்ரியல் டிரேக்கைக் கொண்டுவந்து புது முதலாளியம்மா ஆக்கினார்கள். பழைய பாத்திரங்களைக் கூட்டமாக வெளியே அனுப்பினார்கள். டைட்டில் இசையை மாற்றினார்கள், தொடரின் பெயரைக்கூட மாற்றிப் பார்த்தார்கள். ஒவ்வொரு மாற்றமும் போன ஒரு முகத்தின் இடத்தை நிரப்புகிற முயற்சி. குட்வில்லை ஒரே நாளில் எழுதித் தள்ளிவிட்டு அதைத் திரும்ப வாங்க ஆறு வருடம் செலவு செய்தார்கள் என்பதுதான் கணக்கு. 1983இல் அவர்களே நாலியைத் தேடிப் போய், வெனிஸ் நகரத்தில் மெக் தன் மகளைச் சந்திப்பதாகச் சிறு காட்சி எடுத்தார்களே, அது எதற்கு?

நாலி என்ன செய்தார்? மூலையில் உட்கார்ந்து அழவில்லை. கிளம்பிய சூட்டோடு லெஸ்டர் நகரில் ஜிப்சி என்ற இசை நாடகத்தில் கதாநாயகி. 1983இல் லண்டன் விக்டோரியா பேலஸ் அரங்கில் கால் மீ மேடம். அறுபது வயதுக்கு மேல் மேடையில் பாடி ஆடுவது, அதுவும் பதினேழு வருடம் காமிரா முன் மோட்டல் நடத்திவிட்டு! சுவர் ஆடும் சீரியலின் நடிகை என்று சிரித்தவர்களுக்கு அதை விட நல்ல பதில் கிடையாது.

இன்னொரு விஷயத்தையும் விமர்சகர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள். கதையில் மெக்கின் மகன் சாண்டி விபத்தில் கால் செயலிழந்து சக்கர நாற்காலிக்கு வருவான். பிரிட்டிஷ் சீரியல்களில் நிரந்தரமாக அப்படி ஒரு பாத்திரம் அதுவரை இருந்ததில்லை. அந்தக் கதையின் விளைவாக, வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சில மணி நேரம் ஓய்வு கொடுக்க ஆள் அனுப்பும் ஒரு தொண்டு அமைப்பு உருவானது. ஏடிவி ஆரம்பப் பணம் கொடுத்தது. அமைப்பின் பெயரும் கிராஸ்ரோட்ஸ்தான். தரமில்லாத தொடர் என்று எபிசோடைக் குறைத்தவர்கள் எந்தத் தராசில் தரத்தை நிறுத்தார்களோ தெரியவில்லை.

1985இல் புது நிர்வாகம் மெக்கை மறுபடி கொண்டுவர ஏற்பாடு செய்தது. உடம்பு இடம் கொடுக்கவில்லை. புற்றுநோய். அந்த ஏப்ரல் 14ஆம் தேதி நாலி இறந்துபோனார். வயது 65.

2001இல் ஐடிவி கிராஸ்ரோட்ஸைத் தூசு தட்டி மறுபடி ஆரம்பித்தது. மெருகேற்றிய ஹோட்டல், ஆடாத சுவர், நல்ல உடைகள். 2003இல் மூடினார்கள். கடைசி எபிசோடில், இதுவரை வந்த கதையெல்லாம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை செய்யும் பெண்ணின் பகல் கனவு என்று முடித்துவிட்டார்கள். அதற்கு இருபது வருடம் கழித்து, 2023இல், அதே ஐடிவிக்காக ரஸல் டி. டேவிஸ் ஒரு மூன்று எபிசோட் நாடகம் எழுதினார். கதை, 1981இல் நாலியின் வேலை போன கதை. ஹெலனா பான்ஹாம் கார்ட்டர் நாலியாக நடித்தார். தலைப்பு வெறுமனே நாலி. சார்லஸ் டென்டனைப் பற்றி யாரும் நாடகம் எடுத்ததாகத் தகவல் இல்லை.