வைஃபை டப்பாவுக்கு யார் பொறுப்பு?

ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க வருகிற இளைஞர் எப்போதும் அவசரத்தில் இருப்பார். அடுத்த வீட்டுக்காரர் ஏற்கெனவே இரண்டு முறை போன் செய்திருப்பார். ஜன்னலோரம் துளை போட்டு, ஒயரை இழுத்து, டப்பாவைச் சுவரில் மாட்டி, 'லாஸ்' என்ற சிவப்பு விளக்கு அணைந்து 'பான்' விளக்கு பச்சையாக நின்றதும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "பாஸ்வேர்டு என்ன சார் வைக்கட்டும்?" "மறக்காத மாதிரி ஏதாவது வைங்க தம்பி." "அப்போ உங்க போன் நம்பரையே போட்டுடறேன்." வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அந்த ரவுட்டரை வீட்டில் யாராவது தொட்டால், நெட் வராதபோது ஆஃப் செய்து ஆன் செய்வதற்காகத்தான் இருக்கும்.

போன் நம்பர் எவ்வளவு பலமான பூட்டு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்தியக் கைப்பேசி எண்ணுக்கு 10 இலக்கங்கள். முதல் இலக்கம் 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்று. ஆக, இருக்கக்கூடிய எண்கள் 400 கோடி. பெரிய தொகைதான். ஆனால் பெரும்பாலான வீடுகளில் இருக்கும் டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறையில், ஒரு போன் ரவுட்டரோடு இணையும்போது நடக்கும் பரிமாற்றத்தைத் தெருவில் நின்றபடியே லேப்டாப்பில் பதிவுசெய்துகொள்ள முடியும். அதன் பிறகு அந்தத் தெருவுக்கே வர வேண்டியதில்லை. எங்காவது உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் பொருத்திப் பார்க்கலாம். கேம் ஆடுபவர்கள் வாங்கும் உயர் ரக கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குச் சுமார் 10 லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதித்துவிடும். 400 கோடியும் ஒரு மணி நேரம் சொச்சத்தில் தீர்ந்துபோகும். எண் தெரிந்த எதிர்வீட்டுக்காரருக்கு அந்த ஒரு மணி நேரமும் தேவையில்லை.

"எடுத்தால் எடுத்துவிட்டுப் போகட்டும், அன்லிமிடெட் பிளான்தானே" என்பது இதற்கு வழக்கமாக வரும் பதில். நவி மும்பையில் நடந்ததைத் தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்பு நடந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு ஊடகங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. போலீஸார் அதன் ஐபி முகவரியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம், நவி மும்பையின் சான்பாடாவில் வாடகைக்குக் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வீடு. அவருடைய வைஃபை பூட்டப்படாமல் கிடந்தது. அதை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். தனக்குச் சம்பந்தம் இல்லை என்று நிரூபிப்பதற்குள் அவர் பட்ட பாடு அந்த நாட்களின் செய்தித்தாள்களில் இருக்கிறது. அதன் பிறகு மும்பை போலீஸார், பூட்டப்படாத வைஃபை எங்கெங்கே இருக்கிறது என்று தேடுவதற்காக லேப்டாப்போடு தெருத்தெருவாகச் செல்லப்போவதாக அறிவித்தார்கள்.

அது வைஃபையின் பாஸ்வேர்டு பற்றிய கதை. ரவுட்டருக்கு இன்னொரு பாஸ்வேர்டும் உண்டு. 192.168.1.1 போன்ற முகவரியை பிரவுசரில் தட்டினால் திறக்கும் நிர்வாகப் பக்கத்துக்கானது அது. பல டப்பாக்களில் பெயரும் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்'. ஊருக்கெல்லாம் ஒரே சாவியைப் போட்டுப் பூட்டு விற்றதுபோன்ற இந்த ஏற்பாட்டைத்தான் 2016-இல் 'மிராய்' என்ற நச்சு மென்பொருள் பயன்படுத்திக்கொண்டது. அதற்குள் இருந்தது, 60 சொச்சம் பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகள் கொண்ட பட்டியல், அவ்வளவுதான். அதை வைத்தே கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றி, அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று இணையதளங்களின் முகவரியைத் தேடித்தரும் சேவையை வழங்கிவந்த டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கினார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட தளங்கள் பல மணி நேரம் தடுமாறின. அடுத்த ஆண்டு ஜூலையில் இந்தியாவிலும் இதே கதைதான். நிறுவனம் வைத்த பாஸ்வேர்டே மாறாமல் கிடந்த பிஎஸ்என்எல் மோடம்கள் தாக்கப்பட்டு, பலருக்கு இணைப்பு அறுந்தது. பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு வேண்டுகோள் விடுக்கப்பட்டது.

பிரேசிலில் நடந்தது இன்னும் நுட்பமானது. 2011 முதல் அங்கே சுமார் 45 லட்சம் மோடம்களுக்குள் நுழைந்தவர்கள் எதையும் முடக்கவில்லை. தளத்தின் பெயரைச் சொன்னால் அது இருக்கும் முகவரியைத் தேடித்தரும் டிஎன்எஸ் அமைப்பை மட்டும் தங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். வீட்டில் இருப்பவர்கள் கூகுள் என்று சரியாகத்தான் தட்டுவார்கள். திறப்பது போலிப் பக்கம். அங்கே "இதை இன்ஸ்டால் செய்யவும்" என்று கேட்டதை நம்பியவர்களின் வங்கி விவரங்கள் போயின. கம்ப்யூட்டரில் எந்தக் குறையும் இல்லாதபோது, சுவரில் மாட்டிய டப்பாவை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

இவ்வளவுக்கும் பிறகு எழுதப்படும் அறிவுரைகள் எல்லாம் வீட்டுக்காரரைப் பார்த்தே எழுதப்படுகின்றன. பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஃபர்ம்வேரை அப்டேட் செய்யுங்கள், விழிப்போடு இருங்கள். ஆனால் அந்த டப்பா யாருடையது? பெரும்பாலும் இணைய சேவை நிறுவனம் தன் செலவில் கொடுத்தது. நிர்வாகப் பக்கத்தின் முழு அதிகாரம் பல வீடுகளில் வாடிக்கையாளரிடம் இல்லை. அவருக்குக் கிடைப்பது பாதி மெனு. மேலதிகாரக் கணக்கு நிறுவனத்திடம் இருக்கிறது. டிஆர்-069 என்ற நெறிமுறையின் வழியாக, அலுவலகத்தில் இருந்தபடியே ஆயிரக்கணக்கான டப்பாக்களின் அமைப்புகளை அதனால் மாற்ற முடியும். சாவியைத் தன் கையில் வைத்துக்கொண்டு, திருட்டுப் போனால் வாடிக்கையாளர் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்வது என்ன நியாயம்?

அந்தத் தொலைவழிச் சாவியே ஆபத்தாவதும் உண்டு. 2016 நவம்பர் இறுதியில் ஜெர்மனியின் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்களில் சுமார் 9 லட்சம் பேரின் ரவுட்டர்கள் செயலிழந்தன. இந்த நிர்வாக வசதிக்கான 7547 என்ற வாசல் இணையத்தைப் பார்த்துத் திறந்திருந்த ரவுட்டர்களைத் தேடி, மிராயின் ஒரு வாரிசு உலகம் முழுவதும் நடத்திய தாக்குதல் அது. அந்த வீடுகளில் இருந்தவர்கள் 16 எழுத்தில் பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் தப்பியிருக்க முடியாது. புதிய ஃபர்ம்வேரை வெளியிட்டு நிலைமையைச் சீர்செய்ததும் நிறுவனம்தான்.

பிரிட்டன் இந்தப் பொறுப்பைச் சட்டமாக்கிவிட்டது. 2024 ஏப்ரல் 29 முதல் அங்கே இணையத்தோடு இணையும் வீட்டுக் கருவிகளை, எளிதில் ஊகிக்கக்கூடிய பொது பாஸ்வேர்டோடு விற்கக் கூடாது. பாதுகாப்பு அப்டேட் எதுவரை வரும் என்பதை விற்கும்போதே சொல்ல வேண்டும். மீறினால் அபராதம் ஒரு கோடி பவுண்ட் அல்லது உலக வருவாயில் 4 சதவீதம் வரை போகும். கலிபோர்னியாவில் 2020-லேயே இதுபோன்ற சட்டம் வந்துவிட்டது. இந்தியாவிலும் பெங்களூரில் உள்ள தேசியத் தகவல்தொடர்புப் பாதுகாப்பு மையம் வைஃபை கருவிகளுக்கான பாதுகாப்பு நிபந்தனைகளை வகுத்திருக்கிறது. ஆனால் பரிசோதனைக் கூடத்தில் தேறிய டப்பாவும், வீட்டுக்கு வந்து போன் நம்பரோடு மாட்டப்பட்டால் பழைய டப்பாதான். கருவியைச் சோதிப்பதோடு நிற்காமல், அதை எப்படி மாட்டிக்கொடுக்கிறார்கள் என்பதற்கும் விதி வேண்டும்.

நிறுவனங்கள் சொல்லக்கூடிய சமாதானம் ஒன்று உண்டு. கடினமான பாஸ்வேர்டு வைத்தால் மறந்துவிடுவார்கள். கஸ்டமர் கேருக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். ஒரு காலத்தில் இது உண்மை. இன்றைய போன்கள் கியூஆர் கோடைக் காட்டினாலே வைஃபையில் இணைகின்றன. டீக்கடையில் 10 ரூபாய்க்கு ஸ்கேன் செய்து பழகிய மக்களுக்கு இது புதிதல்ல. பல டப்பாக்களின் அடியில் தனி பாஸ்வேர்டு அச்சிட்ட ஸ்டிக்கரும் ஏற்கெனவே இருக்கிறது. மாட்ட வருகிறவர் அதை மாற்றாமல் விட்டுவிட்டுப் போனாலே பாதிச் சிக்கல் தீரும்.

சட்டம் வரும்வரை காத்திருக்க முடியாதவர்கள் செய்யக்கூடியவை சில. வைஃபை பாஸ்வேர்டாகத் தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து வைக்கலாம். ரவுட்டரில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; அதில் தெருவில் பதிவுசெய்து வீட்டில் வைத்து ஊகிக்கும் வேலை நடக்காது. டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடலாம்; அதன் 8 இலக்க பின் எண்ணை அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் கண்டுபிடிக்க முடியும் என்பது 2011-லேயே அம்பலமானது. சிசிடிவி, டிவி, விருந்தினர் போன் ஆகியவற்றுக்குக் கெஸ்ட் நெட்வொர்க் தனியாக இருக்கட்டும். வைஃபையின் பெயரை மறைத்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. மறைத்த பெயரை அந்த வீட்டு போன்களே கூப்பிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழ்நாட்டில் இந்த விவாதத்துக்குச் சரியான நேரம் இதுவே. பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பணியை மேற்கொண்டிருக்கிறது. அந்த இழை வீடுகளுக்குள் நுழையும்போது டப்பாவும் கூடவே வரும். டப்பாவுக்கு டப்பா வேறு பாஸ்வேர்டு. வெளியிலிருந்து திறக்காத நிர்வாகப் பக்கம். அப்டேட் நிற்கும் தேதி பெட்டியின் மேல் அச்சில். அந்தத் தேதிக்குப் பிறகு இலவசமாக மாற்றித்தரும் கடமை. வாங்குவதற்கு முன் டெண்டரில் சேர்த்தால் இவை நான்கு நிபந்தனைகள். மாட்டி முடித்த பிறகு சேர்ப்பதென்றால், ஊர் ஊராக, வீடு வீடாக மறுபடி ஆள் அனுப்ப வேண்டியிருக்கும்.